பாட்டு என்னுடையது, பூட்டு யாருடையது?

2009 ஜூன் 6 அன்று அமெரிக்காவில் பாம் ப்ரீ என்ற செல்பேசி விற்பனைக்கு வந்தது. அதைக் கணினியில் செருகினால் போனின் திரை மூன்று வழிகளைக் காட்டும்: சார்ஜ் மட்டும் ஏற்றலாம், பென்டிரைவ் போலப் பயன்படுத்தலாம், அல்லது மீடியா சிங்க் செய்யலாம். மூன்றாவதைத் தொட்டால் கணினியில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருள் விழித்துக்கொள்ளும். வந்திருப்பது ஐபாட்தான் என்று நம்பி, பாட்டுகளையும் பாட்டுப் பட்டியல்களையும் அனுப்பத் தொடங்கும். இதற்காக ஆப்பிளிடம் பாம் நிறுவனம் அனுமதி வாங்கவில்லை. வாங்கும் எண்ணமும் அதற்கு இல்லை.

இதிலிருந்து கிளம்பிய சண்டை ஐந்து மாதத்தில் அடங்கிவிட்டது. பாம் நிறுவனமும் சில ஆண்டுகளில் மறைந்துபோனது. ஆனால் அது எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. ஒரு நிறுவனம் தன் செலவில் எழுதி, தன் கருவிகளுக்காக வைத்திருக்கும் மென்பொருளில் போட்டியாளரின் கருவியும் வந்து ஒட்டிக்கொள்ளலாமா? ஒட்டவிடாமல் தடுப்பது நியாயமா? இடையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு என்ன உரிமை?

ஐந்து மாதம், மூன்று சுற்று

அன்று பாம் நிறுவனத்தை நடத்தியவர் ஜான் ரூபின்ஸ்டீன். ஆப்பிளில் ஐபாட் உருவானபோது வன்பொருள் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் அவர். 2007-ல் பாமுக்கு வந்தார். ஐபாட்டின் நெளிவுசுளிவு தெரிந்தவர் ஐபாட் வேடம் போடும் போனை வெளியிட்டதால் விஷயம் முதல் நாளிலிருந்தே தனிப்பட்ட சவாலாகப் பார்க்கப்பட்டது.

விற்பனை தொடங்கிப் பத்து நாளில், ஜூன் 16 அன்று, ஆப்பிள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பிற நிறுவனக் கருவிகளை ஐட்யூன்ஸோடு தாங்கள் சோதித்துப் பார்ப்பதில்லை, புதிய பதிப்புகளில் அவை வேலை செய்யாமல் போகலாம் என்பது அதன் சாரம். பெயர் சொல்லாத எச்சரிக்கை. ஜூலை 15 அன்று வந்த ஐட்யூன்ஸ் 8.2.1 ப்ரீயை வெளியே தள்ளியது. ஐபாட் போலப் பொய்யாகக் காட்டிக்கொள்ளும் கருவிகளை இந்தப் பதிப்பு முடக்குகிறது என்று ஆப்பிள் இம்முறை வெளிப்படையாகவே சொன்னது. அடுத்த வாரமே பாம், ப்ரீயின் இயங்குதளமான வெப்ஓஎஸ்ஸின் 1.1 பதிப்பு மூலம் மறுபடி நுழைந்தது. செப்டம்பரில் வந்த ஐட்யூன்ஸ் 9 அடைத்தது. அக்டோபர் தொடக்கத்தில் வெப்ஓஎஸ் 1.2.1 திறந்தது, அக்டோபர் 29-ல் ஐட்யூன்ஸ் 9.0.2 மீண்டும் அடைத்தது. அதற்குப் பிறகு பாம் முயலவில்லை. 2010 ஏப்ரலில் ஹெச்பி நிறுவனம் 120 கோடி டாலருக்குப் பாமை வாங்குவதாக அறிவித்தது. 2011 ஆகஸ்டில் வெப்ஓஎஸ் கருவிகளின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

ஒவ்வொரு சுற்றிலும் அடிபட்டவர் போன் வாங்கியவர்தான். நேற்று வரை போய்க்கொண்டிருந்த பாட்டு, மென்பொருளைப் புதுப்பித்த மறுநிமிடம் போகாது. புதுப்பிக்காமல் இருக்கலாம் என்றால், அந்தப் பதிப்போடு வரும் பிழைத்திருத்தங்களும் கிடைக்காது.

1452-ம் 2096-ம்

ஏமாற்று வேலை எங்கே நடந்தது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் நியாயம் பேச முடியும். யூஎஸ்பி வழியே எந்தக் கருவியைச் செருகினாலும் கணினி அதனிடம் முதலில் கேட்பது, நீ யார் என்றுதான். கருவி இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றது பொருள் எண். தயாரிப்பாளர் எண்களை வழங்குவது யூஎஸ்பி இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம் என்ற தொழில் அமைப்பு. நாம் எழுதும் தசம முறையில் சொன்னால் ஆப்பிளின் எண் 1452, பாமின் எண் 2096.

முதல் வெளியீட்டில் ப்ரீ பாதிப் பொய்தான் சொன்னது. யூஎஸ்பி மட்டத்தில் கேட்டபோது 2096 என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்கு மேலுள்ள சேமிப்புக் கருவி மட்டத்தில் ஆப்பிள் ஐபாட் என்று பெயர் கொடுத்தது. ஐட்யூன்ஸ் அப்போது மேல் மட்டத்தை மட்டுமே பார்த்ததால் வேடம் பலித்தது. டிவிடி பூட்டை உடைத்ததால் ‘டிவிடி ஜான்’ என்று பெயர் பெற்ற நார்வேக்காரர் ஜான் லெக் யொஹான்சன் இதை உடனே கண்டுபிடித்து எழுதினார். ஆப்பிள் நினைத்தால் எளிதாகத் தடுத்துவிடலாம் என்பதும் அதிலேயே விளங்கியது. 8.2.1 பதிப்பு அடி மட்ட எண்ணையும் சரிபார்த்தது. உடனே பாம், வெப்ஓஎஸ் 1.1-ல், அடி மட்டத்திலும் 1452 என்றே சொல்லத் தொடங்கியது. பாதிப் பொய் முழுப் பொய் ஆனது.

அத்தோடு நிற்காமல் பாம் அந்த யூஎஸ்பி அமைப்பிடமே புகார் கொடுத்தது. தயாரிப்பாளர் எண்ணைக் கருவியை அடையாளம் காணப் பயன்படுத்தலாம், போட்டியாளரைத் தள்ளிவைக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் வாதம். செப்டம்பர் 22 அன்று வந்த பதில் பாமுக்கே பாதகமாக முடிந்தது. ஆப்பிள் மீதான புகாரில் சாரமில்லை என்று கூறிய அமைப்பு, அடுத்த நிறுவனத்தின் எண்ணைப் பயன்படுத்துவது விதிமீறலாகத் தெரிகிறதே என்று பாமிடமே விளக்கம் கேட்டது.

இந்த இடத்தில் அமைப்பு சொன்னது சரி. யூஎஸ்பி என்ற பொது ஏற்பாடு, யார் யார் என்று உண்மை சொல்வதை நம்பித்தான் ஓடுகிறது. எந்தக் கருவிக்கு எந்த டிரைவரை ஏற்றுவது என்று கணினி தீர்மானிப்பது இந்த எண்களை வைத்துத்தான். ஆளாளுக்கு அடுத்தவர் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தால் குழப்பம் ஐட்யூன்ஸோடு நிற்காது.

ஆப்பிள் பக்க நியாயம்

ஆப்பிளின் வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. ஐட்யூன்ஸ் இலவச மென்பொருள். அதை எழுதவும் பராமரிக்கவும் ஆன செலவை ஈடுகட்டியது ஐபாட், ஐபோன் விற்பனை. அந்த உழைப்பின் பலனைப் போட்டியாளர் காசு கொடுக்காமல் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்வதை எந்த நிறுவனமும் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. அடுத்தது பொறுப்பு. ப்ரீயில் பாட்டுகள் அழிந்துபோனால் வாடிக்கையாளர் முதலில் திட்டுவது ஐட்யூன்ஸைத்தான். தான் சோதிக்காத, வடிவமைக்காத கருவிக்கு ஆப்பிள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? நாளைக்கு ஐட்யூன்ஸின் உள்கட்டமைப்பை மாற்ற வேண்டி வந்தால், அழையாமல் வந்த விருந்தாளிக்காக அந்த மாற்றத்தை ஒத்திப்போடச் சொல்வதும் முறையாகாது.

இன்னொன்றும் உண்டு. வாசல் முழுக்க மூடிக்கிடக்கவில்லை. ஐட்யூன்ஸ் தன் நூலகத்தின் விவரங்களை, அதாவது பாட்டின் பெயர், கோப்பு இருக்கும் இடம், பட்டியல்களின் வரிசை எல்லாவற்றையும், ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிவைத்தது. பிற மென்பொருள்கள் படிப்பதற்காகவே வைக்கப்பட்ட கோப்பு அது. பிளாக்பெர்ரி தன் மீடியா சிங்க் மென்பொருளை அந்த வழியில்தான் எழுதியது. யொஹான்சன் பங்கேற்று உருவாக்கிய டபுள்ட்விஸ்ட் மென்பொருளும் ஐட்யூன்ஸ் நூலகத்தைப் பிற போன்களுக்குக் கொண்டுபோனது. பாமும் சொந்தமாக ஒரு சிறு மென்பொருள் எழுதி, யாரையும் ஏமாற்றாமல் அதே பாட்டுகளை எடுத்திருக்கலாம். அது குறுக்கு வழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தொழில்நுட்ப நெருக்கடி அல்ல. வேறு எதையும் நிறுவ வேண்டாம், செருகினால் போதும் என்று சொல்லி விற்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு.

வாடிக்கையாளர் பக்க நியாயம்

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் மறுபக்கத்தின் கனம் குறையவில்லை. ஐட்யூன்ஸில் குவிந்திருந்தவை ஆப்பிளின் பாட்டுகள் அல்ல. ஒருவர் தன் குறுந்தகடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கணினியில் ஏற்றியவை. காசு கொடுத்து வாங்கியவை. எது பிடிக்கும், எதை எப்போது கேட்பது என்று ஆண்டுக்கணக்கில் வரிசைப்படுத்தியவை. வங்கி லாக்கர் வங்கியுடையதுதான். அதற்காக உள்ளே இருக்கும் நகையை எந்தக் கடைப் பையில் எடுத்துப் போவது என்று வங்கி சொல்ல முடியாது.

எக்ஸ்எம்எல் வாசலும் அரை வாசல்தான். அதன் வழியே படிக்கலாம், திருப்பி எழுத முடியாது. போனில் ஒரு பாட்டை எத்தனை முறை கேட்டோம், எத்தனை நட்சத்திரம் கொடுத்தோம் என்பதெல்லாம் நூலகத்துக்குத் திரும்பாது. அந்த வாசலும் உரிமையாளரின் தயவில் இருந்ததுதான். பிற்காலப் பதிப்புகளில் அந்தக் கோப்பு தானாக உருவாவது நின்று, அமைப்புகளுக்குள் போய்த் தேடி இயக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது.

ஆப்பிளின் சொந்த வரலாறும் அதற்கு எதிர்சாட்சி. ஐட்யூன்ஸ் 2001 ஜனவரியில் வந்தது. ஐபாட் வந்தது அந்த ஆண்டு அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் ஐட்யூன்ஸ் ரியோ போன்ற பிற நிறுவன எம்பி3 கருவிகளுக்குத்தான் பாட்டு ஏற்றியது. சொந்தக் கருவி இல்லாதவரை எல்லோருக்கும் இடம் இருந்தது. சொந்தக் கருவி வந்து, அமெரிக்கச் சந்தையில் பத்துக்கு ஏழு பங்கைத் தாண்டிய பிறகுதான் அந்நியர் என்ற பேச்சு எழுந்தது. சிறு நிறுவனம் கதவைச் சாத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். பெரும்பான்மை மக்களின் பாட்டுச் சேமிப்பை வைத்திருக்கும் நிறுவனம் சாத்தினால், அவர் கையில் இருக்கும் கருவியை மாற்றும் சுதந்திரமே போய்விடுகிறது.

அதே சண்டை, வேறு வேறு களங்கள்

பாமுக்கு முன்பே இதே நாடகம் பல முறை அரங்கேறியிருக்கிறது. 1999-ல் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மெசஞ்சரை ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டைச் சேவையோடு அனுமதியின்றி இணைத்தது. ஏஓஎல் தடுத்தது, மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் நுழைந்தது, ஏஓஎல் மறுபடி தடுத்தது. சில மாதங்களில் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. தன் ராஜ்யத்தில் திறவுகோல் கேட்டவரை விரட்டும் நிறுவனம், அடுத்தவர் ராஜ்யத்தில் தானே திறவுகோல் கேட்டு நிற்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2004 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ், ஹார்மனி என்ற தொழில்நுட்பத்தால் தன் கடையில் விற்ற பாட்டுகளை ஐபாட்டில் ஓடவைத்தது. அன்று ஐட்யூன்ஸ் கடைப் பாட்டுகளில் ஃபேர்ப்ளே என்ற டிஆர்எம் பூட்டு இருந்தது. ரியல் அதன் வடிவத்தை ஒத்த பூட்டைத் தானே செய்தது. இது ஹேக்கர் வேலை என்று ஆப்பிள் சாடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய ஐபாட் மென்பொருளில் ஹார்மனி பாட்டுகள் ஓடாமல் போயின. பின்னர் 2006-ல் வந்த ஐட்யூன்ஸ் 7.0-ஐக் குறிவைத்து வாடிக்கையாளர் தரப்பில் தொடரப்பட்ட வழக்கு 2014 டிசம்பரில் ஓக்லாந்து நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. கோரிய இழப்பீடு சுமார் 35 கோடி டாலர். அந்தப் பதிப்பு உண்மையான மேம்பாடுதான் என்று ஜூரி சில மணி நேரத்தில் ஆப்பிளுக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது. அதற்குள் பூட்டே இல்லை. 2009-ன் முதல் மாதங்களில் கடைப் பாட்டுகளிலிருந்து டிஆர்எம் நீக்கப்பட்டிருந்தது. ப்ரீ சண்டைக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடும் இதுதான்: பாம் எந்தப் பாட்டின் பூட்டையும் உடைக்கவில்லை, பூட்டில்லாத பாட்டுகளை மட்டுமே எடுத்தது. ஆகவே அதைத் திருட்டு என்று சொல்வது மிகை.

பொய் அடையாளம் எப்போதுமே தவறா என்பதற்கு 1992-ல் வந்த சேகா–அக்கோலேட் தீர்ப்பு எதிர்பாராத பதிலைத் தருகிறது. சேகாவின் ஜெனிசிஸ் விளையாட்டுக் கருவியின் புதிய பதிப்பு, உள்ளே செருகிய விளையாட்டில் ‘சேகா’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் குறிப்பிட்ட இடத்தில் இருக்கின்றனவா என்று தேடும். இருந்தால்தான் விளையாட்டு ஓடும்; கூடவே இது சேகாவின் உரிமத்தோடு வந்தது என்று திரையில் ஓர் அறிவிப்பும் தோன்றும். அக்கோலேட் நிறுவனம் சேகாவின் நிரலைப் பிரித்துப் படித்து, அந்த எழுத்துகளைத் தன் விளையாட்டுகளில் சேர்த்தது. உரிமம் இல்லாமலே உரிம அறிவிப்பு திரையில் வந்தது. சேகா வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோலேட் பக்கம் நின்றது: இணக்கம் உண்டாக்க வேறு வழியில்லாதபோது நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடு; வேறு வழியில்லாமல் பொய்ப் பெயரைச் சொல்லவைத்தது சேகா வைத்த பூட்டு, ஆகவே அந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பும் சேகாதான்.

இந்தத் தீர்ப்பைப் பாம் விவகாரத்தோடு சேர்த்து வைத்தால் அளவுகோல் துலங்குகிறது. உண்மை சொல்லி உள்ளே போக வழியே இல்லாதபோது சொல்லும் பொய்யை மன்னிக்கலாம். பக்கத்திலேயே திறந்த வாசல் இருக்கும்போது சொல்லும் பொய்யை மன்னிப்பது கடினம். அக்கோலேட்டுக்கு வேறு வழி இல்லை, பாமுக்கு இருந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய மென்பொருள் வழிகாட்டுச் சட்டம் 1991-லேயே, இணக்கத்துக்கு அவசியமான தகவலைப் பெறுவதற்காக நிரலைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் பூட்டு உடைப்பதைத் தடைசெய்தாலும், இணக்கத்துக்கான ஆய்வுக்கு விலக்கு வைத்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1999 திருத்தத்தில் 52(1)(ஏபி) பிரிவு சேர்ந்தது. மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர், வேறு வழியில் எளிதாகக் கிடைக்காத இணக்கத் தகவலைப் பெறச் செய்யும் காரியம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது அது.

இவை எல்லாமே போட்டியாளரைத் தண்டனையிலிருந்து காப்பவை. உரிமையாளர் கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கட்டாயம் போட்டிச் சட்டத்தின் வழியே வந்தது. 2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்ததோடு, விண்டோஸ் சர்வர்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளைப் போட்டியாளருக்குத் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதுவரை விண்டோஸின் பேச்சை ஒட்டுக்கேட்டு ஊகித்தே வளர்ந்த சாம்பா என்ற திறமூல மென்பொருள் குழுவுக்கு, ஒரு முறை 10,000 யூரோ கட்டியதும் அதிகாரபூர்வ ஆவணங்கள் கிடைத்தன. ஊகித்து நுழைவது, அடைப்பது, மறுபடி நுழைவது என்ற சுழற்சியை நிறுத்தியது ஆவணம்தான்.

இன்றைய களம்

ஐட்யூன்ஸ் 2019-ல் மேக் கணினிகளில் தனித்தனிச் செயலிகளாகப் பிரிந்துபோனது. பாட்டைக் கம்பி வழியே போனில் ஏற்றும் பழக்கமும் குறைந்துவிட்டது. ஆனால் 2023 டிசம்பரில் பீப்பர் மினி என்ற செயலி, ஆண்ட்ராய்டு போனை ஆப்பிளின் ஐமெசேஜ் சேவையோடு இணைத்தபோது 2009 திரும்பி வந்தது. சில நாட்களில் தடை, திருத்தம், மறுபடி தடை, மாத முடிவில் கைவிடல். பொய்யான அடையாளச் சான்று என்ற அதே குற்றச்சாட்டு. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில், பிற நிறுவனக் கைக்கடிகாரங்கள் ஐபோனோடு முழுமையாகச் சேர முடியாதபடி வைத்திருப்பதும் ஒரு குற்றச்சாட்டு.

ஐரோப்பா ஒரு படி மேலே போய்விட்டது. அதன் டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி, வாயிற்காவலர் என்று அறிவிக்கப்பட்ட பெருநிறுவனங்கள் தம் சொந்தக் கருவிகளுக்குக் கொடுக்கும் இணைப்பு வசதிகளைப் பிறருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். 2025 மார்ச்சில் ஆணையம், கடிகாரம், ஹெட்ஃபோன் போன்றவற்றுக்காக ஐபோனின் ஒன்பது இணைப்பு வசதிகளைக் குறித்து ஆப்பிளுக்கு விரிவான கட்டளை இட்டது. அறிவிப்புகளில் இருக்கும் அந்தரங்கச் செய்திகளைப் பிற நிறுவனங்களிடம் கொடுப்பது ஆபத்து என்று வாதிடும் ஆப்பிள், மேல்முறையீடு செய்திருக்கிறது. அந்தக் கவலை முழுக்கப் பொய்யல்ல. 2009-ல் கடந்துபோனது பாட்டு மட்டும். இன்று கடந்துபோவது ஒருவரின் செய்திகள், உடல்நலக் குறிப்புகள், அவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல். ஆனால் இந்தக் கவலைக்குத் தீர்வு, வாடிக்கையாளரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் கொடுப்பது. அவருக்காகத் தானே மறுத்துவிடுவது அல்ல.

முடிவாக

இத்தனை வழக்குகளையும் வாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் சில நெறிகள் தேறுகின்றன. முதலாவது, சேமிப்பு வாடிக்கையாளருடையது. பாட்டு, பட்டியல், குறிப்பு எதுவானாலும் அதை எந்தக் கருவிக்கும் எடுத்துப்போக, படிக்கவும் திருப்பி எழுதவும், ஆவணப்படுத்திய திறந்த வாசல் இருக்க வேண்டும். இரண்டாவது, அந்த வாசலைத் தாண்டிப் போட்டியாளரின் கருவியைச் சோதித்து, பராமரித்து, பழுது பார்த்துத் தர உரிமையாளர் கடமைப்பட்டவர் அல்லர்; அந்தச் செலவு கருவி விற்பவருடையது. மூன்றாவது, சந்தையில் பங்கு பெருகப் பெருகக் கடமையும் பெருகும். சிறு நிறுவனத்தின் விருப்பமாக இருப்பது பெருநிறுவனத்தின் கடமையாகிவிடும். நான்காவது, பொது அடையாள எண்களில் பொய் சொல்வது, வேறு வழி அறவே இல்லாத இடம் தவிர, ஏற்கத்தக்கதல்ல.

இந்த அளவுகோலில் பாம் கேட்டது நியாயம், கேட்ட விதம் தவறு. ஆப்பிள் வேடத்தைக் கலைத்தது சரி. கலைத்த கையோடு, உண்மைப் பெயரைச் சொல்லி வருபவருக்கு ஒரு முழு வாசலைத் திறக்காமல் விட்டது தவறு. அந்த வாசலைத் திறக்கவைக்க வேண்டியவை சந்தையைக் கண்காணிக்கும் அமைப்புகள். இந்தியாவிலும் அத்தகைய சட்டத்துக்கான பேச்சு எழும்போதெல்லாம், இரண்டு நிறுவனங்களில் எது ஜெயிக்கிறது என்பதை விட்டுவிட்டு, கருவியை மாற்றும் வாடிக்கையாளர் தன் சேமிப்பைச் சேதமில்லாமல் கொண்டுபோக முடிகிறதா என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு கருவியையோ சேவையையோ வாங்கும்போது, உள்ளே போடுவது எவ்வளவு எளிது என்று கேட்பதோடு, வெளியே எடுப்பதற்கு வழி என்ன என்றும் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் வாங்காதீர்கள்.